15,000 ரூபாயில் வீட்டு சர்வர்: திருச்சியில் பெட்டி, பெங்களூரில் நகல்

கேள்வி இதுதான். திருச்சியில் அப்பா அம்மா, பெங்களூரில் நீங்களும் மனைவியும். நான்கு போன்களிலும் சேர்த்து 400 ஜிபி அளவுக்கு போட்டோவும் வீடியோவும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி எப்போதோ நிரம்பிவிட்டது. அப்பாவின் பத்திரம், பட்டா, பென்ஷன் காகிதங்களை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்த வேண்டும், டிவியில் பார்க்கக் கொஞ்சம் படங்கள் வேண்டும். கையில் 15,000 ரூபாய். கூடவே 2016-ல் வாங்கிய ஒரு லேப்டாப் (8 ஜிபி ரேம், பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும்), ஒரு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க். திருச்சி வீட்டில் ஃபைபர் இணைப்பும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. லினக்ஸ் கட்டளைகள் ஓரளவு தெரியும். ராஸ்பெரி பை என்ற சின்னப் பலகைக் கணினி வாங்குவதா, இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துத் தரும் பெட்டி) வாங்குவதா, லேப்டாப்பையே சர்வராக்கினால் போதுமா?

மூன்றும் வேண்டாம் என்பேன். ஆபீஸ்களில் ஓடி வெளியே வந்த ஒரு மினி பிசியை வாங்கித் திருச்சியில் வையுங்கள். லேப்டாப்பை உங்கள் பக்கத்திலேயே பெங்களூரில் வைத்து, நகல் வாங்கிக்கொள்ளும் இயந்திரமாக மாற்றுங்கள். உங்களிடம் இரண்டு ஊரில் இரண்டு வீடு இருக்கிறது, இது பலருக்கு இல்லாத வசதி. ஒரு வீட்டில் திருட்டு, தண்ணீர், தீ எது வந்தாலும் இன்னொரு வீட்டில் போட்டோ இருக்கும். இதைப் பயன்படுத்தாமல் ப்ராசஸர் எத்தனை கோர் என்று யோசிப்பதில் அர்த்தமில்லை. இந்த வேலைக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய ஐ5 போதும், பணத்தையும் கவனத்தையும் டிஸ்க்கிலும் நகலிலும் போட வேண்டும்.

முதலில் அந்த மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் எம்710க்யூ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே சாதிதான். தடித்த புத்தகம் அளவு இருக்கும், உள்ளே ஒரு எம்.2 இடமும் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி மாட்டும் இடம்) ஒரு 2.5 அங்குல டிஸ்க் இடமும் இருக்கும். பெரும்பாலும் ஐ5-6500டி அல்லது 7500டி ப்ராசஸரோடு கிடைக்கும். இவை இப்போது மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கம்பெனிகள் நல்ல நிலையில் இருந்த பெட்டிகளைக் கூட்டமாக விற்றுத் தள்ளின. லினக்ஸுக்கு இது ஒரு குறையே இல்லை. 6-ஆம் தலைமுறையும் 7-ஆம் தலைமுறையும் ஒரே விலைக்குக் கிடைத்தால் 7-ஐ எடுங்கள். எச்இவிசி என்ற சுருக்க வடிவத்தில் வரும் 10 பிட் வீடியோவை அது சிப்பிலேயே பிரித்துவிடும், 6-ஆம் தலைமுறை 8 பிட்டோடு நின்றுவிடும். படம் பார்க்கும் வீட்டில் இது ஒன்றுதான் நடைமுறையில் தெரிகிற வித்தியாசம்.

நீங்கள் பெங்களூரில் இருப்பதால் எஸ்.பி. ரோட்டில் நேரில் போய்ப் பார்த்து வாங்கலாம், சென்னைக்கு வருவதாக இருந்தால் ரிச்சி தெரு. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் பேசி முடிக்கப் பாருங்கள், விலை மாதத்துக்கு மாதம் மாறும். ரேம் இல்லாத பெட்டியை 'மலிவு' என்று வாங்கிவிடாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது, தனியாக வாங்கப் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும்.

கடையிலேயே சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். பயாஸுக்குள் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) நுழைய முடிகிறதா, பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்டு கேட்கிறதா? கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். அடாப்டர் அந்தந்த கம்பெனியுடையதுதானா? டெல் பெட்டிகள் அடையாளம் தெரியாத அடாப்டரைப் போட்டால் எச்சரிக்கை காட்டிவிட்டு ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வாங்கியவர் பெட்டியே மெதுவானது என்று நினைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு ஓட விடுங்கள், எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் கணக்கு) பாருங்கள். அப்புறம், பார்ப்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் உங்கள் விஷயத்தில் ரொம்ப முக்கியம்: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கட்டாயம் புதிதாக மாற்றிவிடுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

ராஸ்பெரி பையை ஏன் வேண்டாம் என்கிறேன்? பை 5 நல்ல பலகைதான், சென்சார், ரிலே என்று கம்பி இணைத்து விளையாட அதைவிட நல்லது இல்லை. ஆனால் போட்டோ சர்வருக்கு அதற்கேற்ற 5 ஆம்பியர் அடாப்டர், கேஸ், ஃபேன், எஸ்எஸ்டி, அதை மாட்டும் துணைப்பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மினி பிசி விலையைத் தாண்டிவிடும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் வன்பொருளும் பை 5-ல் இல்லை. எஸ்எஸ்டி போடாமல் எஸ்டி கார்டிலேயே ஓட்டலாமே என்று தோன்றும். நான் முதலில் வைத்திருந்த சின்னப் பலகைக் கணினியை அப்படித்தான் ஓட்டினேன். ஒரு கோடை இரவில் நான்கைந்து முறை கரண்ட் போய்ப் போய் வந்தது, காலையில் கார்டு படிக்கவே இல்லை. அதில் இருந்த ஒரு வருஷத்து அமைப்புகளை நினைவிலிருந்து திரும்பச் செய்ய இரண்டு வாரம் ஆனது.

நாஸ் பெட்டி, டிஸ்க் இல்லாமலேயே உங்கள் பட்ஜெட்டைத் தின்றுவிடும். எதையும் பராமரிக்க நேரமில்லை, பணம் இருக்கிறது என்பவருக்கு அது சரியான தேர்வு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2025-ல் நாஸ் பெட்டிகள் விற்கும் சினாலஜி கம்பெனி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் பெயர் போட்ட டிஸ்க்குகளைத்தான் முழுமையாக ஏற்போம் என்றது, எதிர்ப்பு வந்த பிறகு அதே வருஷம் அக்டோபரில் தளர்த்தியது. அடுத்தவர் மென்பொருளில் நம் தரவு இருக்கும்போது விதிகளை அவர்கள்தான் எழுதுவார்கள்.

லேப்டாப் கதை வேறு. பேட்டரி உள்ளேயே இருப்பதால் கரண்ட் போனாலும் தாங்கும், மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும், ஸ்க்ரீனும் கீபோர்டும் கூடவே இருக்கும். நீங்கள் இருக்கும் வீட்டில் வைப்பதானால் அதையே சர்வராக்குங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் பத்து வருஷப் பேட்டரியை எப்போதும் சார்ஜிலேயே வைத்திருந்தால் உப்பிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதை 70 வயதுக்காரர்கள் இருக்கும் வீட்டில், யாரும் திறந்து பார்க்காத மூலையில் விட எனக்கு மனமில்லை. இன்னொன்று, பெரும்பாலான லேப்டாப்களில் பேட்டரி முழுக்க வடிந்து நின்றுவிட்டால் கரண்ட் வந்ததும் தானாக எழாது, யாராவது பட்டனை அழுத்த வேண்டும்.

மினி பிசியில் இதற்கு வழி இருக்கிறது. டெல் பயாஸில் 'ஏசி ரெகவரி', லெனோவாவிலும் எச்பியிலும் 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்ற அமைப்பு இருக்கும். அதைப் 'பவர் ஆன்' என்று வைத்தால் மின்சாரம் திரும்பியதும் பெட்டி தானே எழுந்துவிடும். ஆனால் பட்டன் பேட்டரி செத்திருந்தால் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பயாஸ் இந்த அமைப்பையே மறந்துவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது பெட்டி எழாது, நீங்கள் 350 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பீர்கள். அதனால்தான் பேட்டரியை முதலிலேயே மாற்றச் சொன்னேன். இன்வெர்ட்டரிலும் ஒன்றைப் பாருங்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் ஈகோ, யுபிஎஸ் என்று இரண்டு நிலைக்கு ஸ்விட்ச் இருக்கும். ஈகோவில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் பரவாயில்லை, கணினி சில சமயம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் நிலையில் வையுங்கள், ரூட்டரும் ஓஎன்டியும் (ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டி) அதே இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்றும் உறுதி செய்யுங்கள். பெட்டி ஓடி ரூட்டர் அணைந்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மின் கட்டணத்தைச் சுலபமாகக் கணக்குப் போடலாம். 10 வாட் எடுக்கும் கருவி 24 மணி நேரமும் ஓடினால் 60 நாளில் 14.4 யூனிட். மினி பிசியும் ஒரு சிறிய டிஸ்க்கும் சும்மா இருக்கும்போது 10 முதல் 12 வாட்டுக்குள் வரும், ஆக இரண்டு மாத பில்லில் 15, 17 யூனிட். மூலையில் கிடக்கும் பழைய டவர் டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே 60 வாட் எடுக்கக்கூடும், அது 86 யூனிட். நம் ஊரில் யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறுவதால் அந்தக் கூடுதல் யூனிட்கள் எப்போதும் உங்கள் பில்லின் விலை அதிகமான படியில்தான் போய் உட்காரும். இலவசமாகக் கிடைத்த டெஸ்க்டாப் இப்படித்தான் செலவு வைக்கும்.

சரி, டிஸ்க். மிச்சமிருக்கும் 5,000, 6,000 ரூபாயில் ஒரு புதிய 2.5 அங்குல வெளி டிஸ்க், 2 டிபி கிடைத்தால் 2 டிபி, பணம் இடித்தால் 1 டிபி. டிஸ்க்கை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை அழித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 'எஸ்எம்ஆர் டிஸ்க் வாங்கக் கூடாது' என்று எங்காவது படித்திருப்பீர்கள். எஸ்எம்ஆர் என்றால் கூரை ஓடு போலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏற்றி எழுதும் முறை. ஒரு இடத்தைத் திருத்த அதை ஒட்டிய பகுதியையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் தொடர்ந்து எழுதும்போது திணறும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டில் இது பெரிய தொல்லை, 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகளைச் சொல்லாமலேயே எஸ்எம்ஆராக விற்றது வெளியே வந்து பெரிய சண்டையானது. ஆனால் போட்டோ என்பது ஒருமுறை எழுதிப் பலமுறை படிப்பது. ரெய்டு இல்லாமல் தனி டிஸ்க்காக ஓட்டும் உங்களுக்கு எஸ்எம்ஆர் பரவாயில்லை.

ரெய்டு வேண்டாமா என்றால், இப்போது வேண்டாம். ஒரு டிஸ்க் செத்தாலும் சேவை நிற்காமல் ஓட உதவுவதுதான் ரெய்டு. அம்மா தவறுதலாக ஒரு ஆல்பத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். இரண்டாவது டிஸ்க்கை அதே பெட்டிக்குள் வைப்பதைவிட பெங்களூரில் வைப்பதுதான் உங்களைக் காப்பாற்றும்.

மென்பொருளில் டெபியன் 13 என்ற லினக்ஸ், அதன் மேல் ஒவ்வொரு சேவையையும் தனித்தனிப் பெட்டகமாக ஓட்டும் டாக்கர் கம்போஸ், அவ்வளவுதான். ப்ராக்ஸ்மாக்ஸ் போடச் சொல்லி நிறைய பேர் சொல்வார்கள். நல்ல மென்பொருள், பல மெய்நிகர் இயந்திரங்கள் தேவைப்படும்போது அதைத்தான் போட வேண்டும், ஆனால் 8 ஜிபி ரேம் பெட்டியில் நான்கு சேவை ஓட்ட அது கூடுதலாக ஒரு அடுக்கு. நாஸுக்கென்றே செய்த ட்ரூநாஸ் தனக்கென்று ஒரு டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும், யுஎஸ்பி டிஸ்க்கோடு அதற்கு ஒத்துவராது. கட்டளை வரி பிடிக்கவில்லை, எல்லாம் பிரவுசரில் வேண்டும் என்றால் ஓபன்மீடியாவால்ட், அதன் அடியிலும் டெபியன்தான்.

போட்டோவுக்கு இம்மிச். 2025 அக்டோபரில் 2.0 வந்து நிலையான பதிப்பு என்று அறிவித்தார்கள், அதற்கு முன்பு நான் யாருக்கும் தயங்கித்தான் சொல்வேன். போனிலிருந்து தானாக ஏற்றும், முகங்களைப் பிரித்துக் காட்டும், வரைபடத்தில் காட்டும். அதன் தரவுத்தளத்தை எஸ்எஸ்டியிலும் போட்டோக்களை வெளி டிஸ்க்கிலும் வையுங்கள். கூகுளிலிருந்து டேக்அவுட் (நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் வசதி) எடுக்கும்போது சில போட்டோக்களின் தேதியும் இடமும் தனி ஜேசன் கோப்புகளில் பிரிந்து வரும். நேராக ஏற்றினால் 2014 போட்டோ இன்றைய தேதியில் போய் நிற்கக்கூடும். இம்மிச்-கோ என்ற கருவி இரண்டையும் பொருத்தி ஏற்றும், அதை வைத்துச் செய்யுங்கள். முதல் சில நாள் முகம் தேடும் வேலையில் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும், பயப்பட வேண்டாம்.

அப்பாவின் காகிதங்களுக்குப் பேப்பர்லெஸ். அதற்குள் எழுத்தை அறியும் டெசராக்ட் தமிழையும் படிக்கும், ஆனால் தமிழ் தானாக வராது. அமைப்பில் கூடுதல் மொழியாகச் சேர்த்து, ஆங்கிலத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் சர்வே எண்ணோ ஊர்ப் பெயரோ தட்டினால் அந்தப் பட்டா வந்து நிற்கும், அப்பா மூன்று பைல்களைப் புரட்ட வேண்டியதில்லை. தெளிவாக அச்சடித்த காகிதத்தில் நன்றாக வரும். பழைய கையெழுத்துப் பத்திரங்களில் வராது, அவற்றுக்குத் தலைப்பையும் குறிப்பையும் நீங்களே எழுதிவிடுங்கள். இதை அப்பாவோடு உட்கார்ந்து செய்யுங்கள், எந்தக் காகிதம் எதற்கு என்று அவருக்குத்தான் தெரியும்.

படத்துக்கு ஜெல்லிஃபின். டிவிக்கு ஒத்த வடிவத்தில் கோப்பு இருந்தால் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடும், இல்லாதபோது வீடியோ வடிவத்தை மாற்ற இன்டெல் சிப்பில் இருக்கும் குயிக் சிங்க் வன்பொருளைப் பயன்படுத்தச் சொல்லி அமைக்க வேண்டும். பெட்டியை ரூட்டரோடு வைஃபையில் இணைக்காதீர்கள், ஒரு கேபிள் போதும்.

வெளியிலிருந்து எப்படிச் சேர்வது? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். நம் ஊர் இணைய இணைப்புகள் பலவற்றில் உங்களுக்கென்று தனி பொது ஐபி முகவரி கிடையாது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. ரூட்டரின் வான் (WAN, இணைய இணைப்பு) பக்கத்தில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான், வெளியிலிருந்து வருபவருக்கு ரூட்டரில் கதவு திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை செய்தாலும் வேலை செய்யாது. செய்யவும் வேண்டாம். டெயில்ஸ்கேல் போடுங்கள், தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். வயர்கார்ட் என்ற விபிஎன் மேல் கட்டப்பட்டது. உங்கள் கருவிகள் மட்டும் ஒன்றையொன்று பார்க்கும், இணையத்துக்கு ஒரு கதவும் திறக்காது. அப்பா அம்மா போன்கள் வீட்டு வைஃபையில் நேராகவே சர்வரைப் பார்க்கும். இம்மிச் செயலியில் வீட்டு வைஃபைக்கு ஒரு முகவரி, வெளியே வேறு முகவரி என்று கொடுக்க முடியும்.

இப்போது எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அமைப்பும் இதே மாதிரிதான். வீட்டைச் சுத்தம் செய்யும்போது வெளி டிஸ்க்கின் யுஎஸ்பி வயர் லேசாகக் கழன்றிருக்கிறது. அடுத்த முறை பெட்டி எழுந்தபோது டிஸ்க் இல்லை, ஆனால் அந்தப் பெயரில் ஒரு காலிக் கோப்புறை இருந்தது. சேவை அதற்குள் எழுத ஆரம்பித்து, சின்ன எஸ்எஸ்டி நிரம்பி, எல்லாம் நின்றுபோனது. அதனால் எந்த டிஸ்க் எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் டிஸ்க்கை அதன் யூயூஐடியால் (டிஸ்க்கின் தனி அடையாள எண்) குறியுங்கள். 'நோஃபெயில்' (nofail) சேருங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாதபோது பெட்டி பாதி வழியிலேயே நின்று கீபோர்டு கேட்கும். டிஸ்க் மாட்டுவதற்கு முன்பே அந்தக் காலிக் கோப்புறைக்கு 'சாட்டர் பிளஸ் ஐ' (chattr +i) கட்டளை கொடுத்துப் பூட்டிவிடுங்கள், அதில் யாரும் எழுத முடியாது. வயரை ஒரு கேபிள் டையால் பெட்டியோடு கட்டிவிடுங்கள். மூடிய பீரோவுக்குள் வைக்காதீர்கள், திருச்சி மே மாதத்தில் டிஸ்க் வெந்துவிடும். தரையிலும் வேண்டாம், எறும்பு புகும். சுவரில் ஒரு திறந்த தட்டு போதும்.

நகலுக்கு ரெஸ்டிக் என்ற கருவி. லேப்டாப்போடு இணைக்கப்போகும் உங்கள் பழைய 1 டிபி வெளி டிஸ்க்கை முதலில் ஸ்மார்ட்டில் சோதியுங்கள். மாற்றி வைத்த செக்டார், நிலுவையில் இருக்கும் செக்டார் என்ற இரண்டு எண்களும் பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 2 டிபிக்குப் பதில் 1 டிபியாக இரண்டு புதிய டிஸ்க் வாங்குங்கள், பட்ஜெட் கொஞ்சம் மீறினாலும் பரவாயில்லை. லேப்டாப் பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முதல் நகலை இணையம் வழியே எடுக்காதீர்கள். 20 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் 400 ஜிபிக்கு 44 மணி நேரம் ஆகும். பெட்டியை அமைக்கத் திருச்சி போகும்போது டிஸ்க்கையும் எடுத்துப் போய் நேரில் முதல் நகலை எடுத்துவிட்டு, பெங்களூருக்குத் தூக்கி வாருங்கள். அதன் பிறகு தினமும் இரவில் புதிதாக வந்தது மட்டும் டெயில்ஸ்கேல் வழியே வரும். இம்மிச் தன் தரவுத்தளத்தின் நகலையும் தினமும் அதே போட்டோக் கோப்புறைக்குள் எடுத்து வைக்கும், அதனால் அந்தக் கோப்புறையை முழுதாக எடுத்தால் இரண்டும் வந்துவிடும். பேப்பர்லெஸ் கோப்புறையையும் கம்போஸ் கோப்புகளையும் சேர்க்க மறக்காதீர்கள். ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டித்தான் வைக்கும், பாஸ்வேர்டு தொலைந்தால் திறக்க வழியே இல்லை. காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டிலும் வையுங்கள். நகல் எடுக்கத் தவறினால் உங்களுக்கு மெயில் வரும்படி செய்துவிடுங்கள், மூன்று மாதமாக நகலே எடுக்கப்படவில்லை என்று டிஸ்க் செத்த அன்று தெரிந்துகொள்ளக் கூடாது.

பெட்டியைத் திருச்சியில் விட்டுவிட்டுக் கிளம்புவதற்கு முன் இரண்டு சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள், பத்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள், எதையும் தொடாமல் போனில் இம்மிச் திறக்கிறதா பாருங்கள். அடுத்து, நகலிலிருந்து நூறு போட்டோவையும் தரவுத்தளத்தையும் வேறொரு கோப்புறைக்குத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். இரண்டும் தேறும்வரை கூகுளிலிருந்து ஒரு போட்டோவையும் அழிக்காதீர்கள், தேறிய பிறகும் ஒரு மூன்று மாதம் விட்டு வையுங்கள். அம்மாவிடம் பவர் பட்டன் எது என்று ஒருமுறை காட்டிவிட்டு, விளக்கு எரியவில்லை என்றால் அதை ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.